நத்தை இல்லாத ஏழாற்று நாடு

போன மாதம் கல்லூரி விடுமுறைக்கு வந்த என் மகள் மதி, அழுக்குத் துணிகளைப் பையிலிருந்து எடுத்துப் போடுவதற்கு முன்பே ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். நல்ல கனம். வழவழவென்ற மேலட்டை. அதில் வாளை உயர்த்திப் பிடித்த ஒரு வீரன். அவனுக்குப் பின்னால் பனிமலை. பனிமலைக்கும் பின்னால் ஏதோ தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'ஏழாற்று நாடு – மூன்றாம் பதிப்பு' என்று போட்டிருந்தார்கள்.

"அப்பா, இது உங்ககூட வேலை பாத்த செல்வின் மாமா பண்ணுனதுல்லா? எங்க ஹாஸ்டல்ல இப்போ எல்லாரும் இதைத்தான் விளையாடுதோம்" என்றாள்.

'எல்லாரும்' என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் நாலே பேர் விளையாடிய விளையாட்டு அது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் அப்படி ஏதாவது ஒன்று இருக்கும், பழைய பெட்டியோ சட்டையோ, மூக்கால் மட்டும் அடையாளம் தெரிகிற மாதிரி. இதில் புது மை வாசனைதான் வந்தது. அமோனியா இல்லை. அப்போதே என் முகம் கோணிவிட்டது என்று மதி பிறகு சொன்னாள்.

அமோனியாவைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகிறது. பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் நான் மில்லிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாங்குநேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். பட்டறையின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட வரைபட அறை ஒன்று இருந்தது. அங்கே படங்களை நகல் எடுக்க ஒரு அமோனியா மிஷின். அதன் வாடை கண்ணில் தண்ணீர் வரவைக்கும், மூக்கை அறுக்கும். தாளில் கோடுகள் ஊதா நிறத்தில் ஈரமாக வெளியே வரும். அந்த அறைக்கு ராஜா என்றால் செல்வின்தான். ராதாபுரத்துக்கு அந்தப் பக்கம் கடற்கரையூர்க்காரன், பாலிடெக்னிக் படித்தவன், பட்டறைக்கு வேண்டிய படங்களை வரைகிறவன். அவன் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, எந்தத் துறைமுகத்திலோ யாரோ விட்டுப்போன ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து இவனிடம் கொடுத்துவிட்டார்.

அதில் ஒரு ஆங்கிலப் புத்தகமும், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகளும் இருந்தன. செல்வின் அகராதியை வைத்துக்கொண்டு ரெண்டு மாதம் படித்தான். பிறகு எங்களைக் கூப்பிட்டு விளக்கினான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்லுவான். 'காட்டுக்குள்ள நிக்கீங்க, எதுக்க ஒரு முதலை, என்ன செய்யப் போறீங்க?' என்று கேட்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தலை சுற்றியது.

ஆங்கிலப் புத்தகத்தில் இருந்த நாடு முழுக்கப் பனி. "பனியில நடந்து நமக்கு எங்கவே பழக்கம்? சாரல்ல நனைஞ்சிருக்கோம், ஆத்துல குளிச்சிருக்கோம். அதை வச்சே ஒரு நாடு பண்ணுவோம்" என்றான் செல்வின். அப்படி வந்ததுதான் ஏழாற்று நாடு. நாலைந்து சனிக்கிழமையில் வரைபடம் வரைந்து அமோனியா மிஷினில் விட்டு ஆளுக்கொரு நகல் கொடுத்தான். அதில் ஒரு ஆற்றுக்கு நான்தான் பெயர் வைத்தேன். சின்னாறு. பெரிய கற்பனை ஒன்றும் இல்லை என்று தெரியும். ஆனாலும் ஒரு நாட்டில் ஒரு ஆற்றுக்குப் பெயர் வைக்கிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்த நகலை வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்தேன். வெயில் பட்டுப்பட்டு ரெண்டே வருஷத்தில் கோடெல்லாம் வெளுத்துப்போனது. கடைசியில் வெறும் தாளைத்தான் சுவரிலிருந்து உரித்தேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டு. செல்வின் கதைசொல்லி. லேத்தில் கடைசல் பிடிக்கிற சாகுல், காசிம் என்ற வாள்வீரன். பேக்கிங்கில் இருந்த இசக்கியம்மாள், பேச்சி என்ற வைத்தியக்காரி. யாருக்கு அடிபட்டாலும் மருந்து போடுவதற்கு முன் பத்து நிமிஷம் திட்டுவாள். நான் ஒரு திருடன். நத்தை என்று பெயர். மெதுவாகத்தான் போவான், ஆனால் அவன் திறக்காத பூட்டு கிடையாது.

ஏன் நத்தை என்றால், நான் அப்போது அப்படித்தான் இருந்தேன். யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்குள் அவர்கள் அடுத்த ஆளிடம் போயிருப்பார்கள். போர்மேன் திட்டினால் கேட்டுக்கொண்டு நிற்பேன். வீட்டிலும் அப்படித்தான். வாயில்லாப்பூச்சி என்று அம்மாவே சொல்லுவாள்.

சாகுல் எனக்கு நேர் எதிர். அவன் பேச ஆரம்பித்தால் மிஷின்கள் நின்றுவிடும். சிரித்தால் பக்கத்துப் பட்டறை வரைக்கும் கேட்கும். பகடையைக் கையில் எடுத்தாலே அவனுக்கு இருபது விழும். எனக்கு மூன்றோ நாலோ. ஒருமுறை பித்தளைத் துண்டில் நானே ஒரு இருபது முகப் பகடை செதுக்கினேன், சனி விட்டுவிடும் என்ற நப்பாசையில். அது எப்படிப் போட்டாலும் நாலில்தான் போய் உட்கார்ந்தது. "உம்மைப் போலவே இருக்குவே" என்று சாகுல் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தது. அவன்மேல் எனக்கிருந்தது பொறாமைதான். வேறு நல்ல பெயர் எதுவும் அதற்கு இல்லை. அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. தன் டிபனில் பாதியை எப்போதும் என் பக்கம் தள்ளுவான். அது இன்னும் எரிச்சல்.

இப்போது சொல்லப்போவதற்காகத்தான் இத்தனையும்.

ஐப்பசி மாதம். வெளியே நல்ல மழை, தகரத்தில் சடசடவென்று. கதையில் நாங்கள் கல்லரசன் கோட்டையின் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தோம். வாசலில் சாவித்துவாரமே இல்லாத ஒரு கதவு. அந்தக் கதவு பேசும். செல்வின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நெஞ்சுல இருக்க உண்மையைச் சொல்லுதவனுக்குத்தான் திறப்பேன்" என்றான்.

"என் வாளை மாதிரிக் கூரான வாள் இந்த ஏழு ஆத்துலயும் கிடையாது" என்றான் சாகுல்.

"அதான் போன வாரம் முதலை கடிச்சு மழுங்கிட்டே. கதவு திறக்கல" என்றான் செல்வின்.

"இந்த ரெண்டு பேரை விடவும் எனக்குத்தான் புத்தி அதிகம்" என்றாள் இசக்கி.

செல்வின் கொஞ்சம் தயங்கினான். "கதவு யோசிக்குது... இல்ல, திறக்கல."

மாற்றி மாற்றி அரைமணி நேரம் சொல்லிப் பார்த்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். திருடனின் வேலை பூட்டைத் திறப்பது. பூட்டே இல்லாத கதவில் அவன் என்ன செய்வான்? எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. நத்தைக்கு வேர்த்ததா எனக்கு வேர்த்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

செல்வின் பகடையைத் தொடவே இல்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "கதவு திறந்துட்டு" என்றான்.

சாகுல் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். "ஏலே, வாயைத் திறந்துட்டான்லே!" என்று கத்தினான். கதவைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொன்னான்.

அடுத்த வாரமே போர்மேன் என்னைத் தடுப்பு கழற்றிப்போட்ட பிரஸ் மிஷினில் உட்காரச் சொன்னார். கை உள்ளே போய் வர வேண்டிய மிஷின். எப்போதும்போல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு என்னவோ, "அண்ணாச்சி, தடுப்பு இல்லாம கை வைக்க எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு தடுப்பைத் தேடி எடுத்து மாட்டச் சொன்னார். இன்றைக்கு எனக்குப் பத்து விரலும் இருப்பதற்கு அந்தக் கோட்டைக் கதவுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே அந்த வாக்கியத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நான் நினைத்தால் தப்பா, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு செல்வினுக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இசக்கி கல்யாணமாகித் தென்காசிப் பக்கம் போனாள். ஐந்தாறு வருஷம் கழித்து செல்வினிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. சுருள்கம்பி போட்டுக் கட்டிய புத்தகம். ஏழாற்று நாடு, இரண்டாம் பதிப்பு. அங்கே அவனுக்குப் புது சேக்காளிகள் கிடைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் வரிசையாக அவர்கள் பெயர்கள். அந்தப் பெயர்களை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கேட்காதீர்கள். ஒருத்தரையும் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொருத்தரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

வரைபடத்தில் வடக்கே பனிமலை முளைத்திருந்தது. எந்தப் பனியை வேண்டாம் என்று தள்ளினோமோ அதே பனி. சின்னாறு வேறு பெயரில் ஓடியது. நாட்டு மக்கள் எல்லாரும் அரசவையில் பேசுகிற மாதிரிப் பேசினார்கள். நம் ஊர்ப் பேச்சு ஒருத்தன் வாயிலும் இல்லை. எல்லாவற்றையும் பொறுத்திருப்பேன். பூட்டைத் திறக்க ஒரு மந்திரம் வந்திருந்தது. எந்த மந்திரவாதியும் அதைச் சொன்னால் போதும், பூட்டு திறந்துவிடும். அப்புறம் திருடன் எதற்கு? நத்தை எதற்கு? அவன் பெயரே அந்தப் புத்தகத்தில் இல்லை.

பதினோரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். பக்க எண் போட்டுத் தப்புகளைச் சொல்லியிருந்தேன். செல்வின் ஒரு தபால் அட்டையில் பதில் போட்டான்: 'படிச்சேன். யோசிக்கேன்.' அந்த ரெண்டு சொல்லில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அவனுக்கு எழுதவில்லை.

சாகுல் எழுதினான், பேசினான், வருஷத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து விளையாடியும் வந்தான். திரும்பி வந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்து காசிம் என்ன செய்தான், எந்த மலை ஏறினான் என்று சொல்ல ஆரம்பிப்பான். "நீயும் ஒரு தடவ வாலே. செல்வின் உன்னைக் கேட்டான்" என்பான். எனக்கு வேலை இருக்கிறது என்பேன். வேலை ஒன்றும் இருக்காது. செல்வின் நிஜமாகவே கேட்டானா, சாகுலாகச் சொன்னானா என்பதும் எனக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன் சாகுல் நோயில் விழுந்து இறந்துபோனான். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அப்போதும் நர்ஸைச் சிரிக்கவைத்துக்கொண்டுதான் இருந்தான்.

இப்போது மதி கொண்டுவந்த பெட்டிக்கு வருகிறேன். அதிலிருந்த தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் 'சாகுலுக்கு' என்று ஒரே சொல். சரி, நண்பன் இறந்திருக்கிறான், போட வேண்டியதுதான் என்று புரட்டிக்கொண்டே போனேன். கோட்டைக் கதவு வந்தது. முழுப்பக்கப் படம். கதவின் முன்னால் வாளோடு நிற்கிறான் காசிம். 'எவருக்கும் திறக்காத வாசலின்முன் காசிம் முழங்கினான்: எனக்குப் பயமில்லை! கதவு திறந்தது.'

நாலு தடவை படித்தேன். ஆளும் மாறிவிட்டது, சொல்லும் மாறிவிட்டது. உண்மைக்குத் திறக்கிற கதவு என்று இவனே சொல்லிவிட்டு, இப்போது வாய்ச்சவடாலுக்குத் திறந்துவிட்டிருக்கிறான்!

ஆத்திரத்தில் இசக்கிக்குப் போன் போட்டேன். அவளாவது சாட்சி சொல்லுவாள் என்று. "கதவா? எந்தக் கதவுண்ணே?" என்றாள். விளக்கினேன். "அதெல்லாம் யாருக்குண்ணே ஞாபகம் இருக்கு? ஒரு நாள் நீங்க வாங்கிட்டு வந்த வடை ஊசிப்போயிருந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். பேரனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில் பெட்டியை அறிமுகப்படுத்த செல்வினே வருகிறான் என்று மதி சொன்னாள். போனோம். நூறு நாற்காலி, பெரும்பாலும் மதி வயசுப் பிள்ளைகள். செல்வின் வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டான். தாடி முழுக்க நரைத்திருந்தது. "ஏலே!" என்று வந்து கட்டிக்கொண்டான். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவனுக்கு. எனக்கும்தான். ஆனால் நான் வந்த காரியம் வேறு.

"கோட்டைக் கதவுல என்னலே பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

"ஏன், நல்லா வரலையா?"

"அது பயமா இருக்குன்னுல்லா சொன்னது."

"ஆமா, பயமா இருக்குன்னு விட்டா விளையாடுத பிள்ளைகளுக்குப் பிடிக்கல வே. சொல்லிப் பாத்தோம். எல்லாரும் பயமில்லைங்கிறதுக்குத்தான் கை தட்டுனாங்க."

"சரி. சொன்னது யாரு?"

"சாகுல்தானலே!" என்றான், கொஞ்சம்கூட யோசிக்காமல். "மறக்க முடியுமா? மழை தகரத்துல கொட்டிட்டு இருந்துச்சு. நான் பென்சிலைக் கீழ வச்சேன்."

மழை ஞாபகம் இருந்தது அவனுக்கு. பென்சில்கூட இருந்தது.

"நத்தை?" என்று கேட்டேன்.

"நத்தை..." என்று நெற்றியைத் தடவினான். "அது இசக்கியோட ஆளுல்லா?"

அதற்குள் அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மதி தன் வயசுப் பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டாள், நான் கடைசி வரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொல்லுவார்கள். அப்போது எழுந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மனசுக்குள் வாக்கியத்தை அடுக்கி வைத்துக்கொண்டேன். செல்வின் சாகுலைப் பற்றிப் பேசினான். அந்தக் கதவைச் சொன்னான். பிள்ளைகள் கை தட்டினார்கள். முன்வரிசையில் சாகுலின் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவன் மகள் ரிஸ்வானா. அவள் திரும்பிப் பார்த்து, என்னைக் கண்டுகொண்டு, எழுந்து பைய நடந்து என் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிட்டாள்.

"மாமா, நீங்களும் அன்னைக்கு அங்கன இருந்தீங்கள்ல? வாப்பா அதை எப்படிச் சொன்னாங்க? சத்தமாவா?"

அவள் முகத்தில் அப்படியே சாகுலின் வாய். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், வாக்கியத்தைத்தான் முதலில் சொன்னேன்.

"புத்தகத்துல தப்பாப் போட்டுருக்கும்மா. பயமில்லைன்னு சொல்லல. எனக்குப் பயமா இருக்குன்னுதான்..."

'சொன்னேன்' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "சொன்னான்" என்று வந்துவிட்டது. "பையத்தான் சொன்னான். அது உண்மைங்கதுனாலதான் கதவு திறந்துச்சு."

அவள் முகம் மாறிவிட்டது. கெடுத்துவிட்டோமே என்று நினைத்தேன். பிறகு மேடையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில கடைசி வாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இதையேதான் சொன்னாங்க மாமா. எனக்குப் பயமா இருக்குன்னு. உம்மாட்டகூட நான் சொல்லல. எல்லாரும் வாப்பாவைத் தைரியசாலின்னே சொல்லுதாங்களா, அவங்க அப்படிச் சொன்னதை வெளிய சொன்னா வாப்பாவைக் காட்டிக்குடுத்த மாதிரி இருக்கும்னு மூணு வருஷமா உள்ளயே வச்சிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ அவங்க முன்னயும் சொல்லியிருக்காங்க. சொல்லிட்டு உள்ளயும் போயிருக்காங்க. அப்படித்தானே மாமா?"

"ஆமா" என்றேன்.

கேள்வி நேரம் வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. ரிஸ்வானா எழுந்து, கதவு முன்னால் அவள் வாப்பா சொன்னது 'எனக்குப் பயமா இருக்கு' என்பதுதான் என்று செல்வினிடம் சொன்னாள். "மாமாதான் சொன்னாங்க" என்று என்னைக் காட்டினாள். செல்வின் மேடையிலிருந்தே கை கூப்பினான். அடுத்த அச்சில் வாக்கியத்தை மாற்றிவிடுகிறேன் என்றான். காசிமின் வாக்கியத்தை.

நல்ல காரியம் செய்தோம் என்ற நிம்மதி எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நாங்குநேரி வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தேன். இருபதெல்லாம் அவனுக்குத்தான் விழுந்தது. சிநேகிதன் அவனுக்குத்தான் மிச்சமானான். முழுப்பக்கப் படம் அவனுக்கு. எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதையும் என் கதவைவிடப் பெரிய கதவின் முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். செத்துப்போனவன்மேல் பொறாமைப்படுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்பா, அதுல நீங்க யாரா விளையாடுனீங்க?" என்று மதி கேட்டாள்.

"ஒரு திருடனா."

"பேரு?"

"ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

போன வாரம் பேட்டைப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், பழைய பட்டறை வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தேன். இப்போது அது பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கிவைக்கிற கிட்டங்கி. வரைபட அறையை இடித்து லாரி திரும்ப இடம் விட்டிருக்கிறார்கள். சிமெண்டுத் தரையில் நின்று எந்த இடத்தில் மேசை இருந்திருக்கும் என்று பார்த்தேன், பிடிபடவில்லை. காவலுக்கு இருந்தவர் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன்.

அந்த மத்தியானம் அங்கே நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒருவன் இப்போது இல்லை. ஒருவனுக்கு மழையும் பென்சிலும் மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒருத்திக்கு ஊசிப்போன வடை. மிச்சம் இருந்த ஒரே சாட்சி நான்தான். நானும் அதைச் சாகுல்தான் சொன்னான் என்று அவன் மகளிடம் சொல்லிவிட்டேன்.